ஸ்கைரிம் உள்நாட்டுப் போர்: எந்தத் தரப்பில் சேர்வது என்பதை முடிவு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டைப் புதிதாக ஆடத் தொடங்குவோர் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, ஏகாதிபத்தியத்தின் படையான இம்பீரியல் லீஜியனில் சேர்வதா, அதிலிருந்து ஸ்கைரிம் நாட்டைப் பிரிக்கப் போராடும் உல்ஃப்ரிக்கின் ஸ்டார்ம்கிளோக் படையில் சேர்வதா என்பதுதான். அந்தக் கேள்விக்கு இரு பக்கமும் நியாயமான பதில்கள் உண்டு. ஆனால் எதையும் பார்க்காமல், யார் முதலில் அழைத்தார்களோ அவர்களிடம் சத்தியம் செய்துவிட்டு, பத்து மணி நேர ஆட்டத்திற்குப் பின் வருந்துவோரையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முடிவெடுக்கத் தேவையான சான்றுகள் எல்லாம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போகுமாறு ஆட்டம் உங்களை எங்கும் வற்புறுத்துவதில்லை என்பதால், எதை எந்த வரிசையில் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

2011-இல் வந்த முதல் பதிப்பு, 2016-இன் ஸ்பெஷல் எடிஷன், 2021-இன் ஆனிவர்சரி எடிஷன் ஆகிய மூன்றுக்கும் இந்த வரிசை பொருந்தும். கதையின் சில திருப்பங்களைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. அவற்றை நீங்களே கண்டடைய விரும்பினால், முதல் நான்கு பகுதிகளை மட்டும் இப்போது படித்துவிட்டு, மற்றவற்றைப் பிறகு படியுங்கள்.

1. தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

முதலாவது, ஆட்டம் எட்டிய இடத்தைப் பதிந்துவைக்கும் தனித்தனி சேவ்கள். ஆட்டோசேவை நம்ப வேண்டாம், ஏனெனில் அது பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே போகும். இந்த வழிகாட்டியில் மூன்று இடங்களில் நீங்களாகவே ஒரு புதிய சேவ் வைக்கச் சொல்வேன். அந்த மூன்றையும் போர் முடியும்வரை அழிக்காதீர்கள்.

இரண்டாவது, வைட்ரன் நகரின் மேற்குக் காவல்கோபுரத்தில் டிராகனைக் கொல்லும் 'டிராகன் ரைசிங்' குவெஸ்ட் (ஆட்டம் தரும் பணி) முடிந்திருக்க வேண்டும். வைட்ரனின் யார்ல் (பகுதியை ஆளும் தலைவர்) பால்க்ரூஃபின் கவனம் டிராகனிடம் இருக்கும்வரை வைட்ரன் பற்றிய போர்ப் பகுதி நகராது. இதை முடிக்காமல் படையில் சேர்ந்துவிட்டு, நடுவழியில் கதை ஏன் நிற்கிறது என்று குழம்புவோர் பலர்.

மூன்றாவது, பொறுமை. போரின் குவெஸ்ட்கள் குறுகியவை. சத்தியம் செய்த பிறகு ஒரே அமர்வில்கூடப் பாதி நாட்டைப் பிடித்துவிடலாம். அதனால்தான் பார்க்க வேண்டியதையெல்லாம் அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

2. ஹெல்கெனில் எடுத்தது முடிவு அல்ல

ஹெல்கென் ஊரில் நடக்கும் தொடக்கக் காட்சியில், லீஜியன் வீரர் ஹட்வாருடன் ஓடுவதா, ஸ்டார்ம்கிளோக் வீரர் ராலோஃபுடன் ஓடுவதா என்று ஆட்டம் கேட்கிறது. ஹட்வாருடன் போனால் ரிவர்வுட்டில் கொல்லர் ஆல்வோரின் வீடும், ராலோஃபுடன் போனால் அவருடைய சகோதரி கெர்டரின் வீடும் உங்களுக்கு அடைக்கலம் தரும். வேறுபாடு அவ்வளவுதான். ஹட்வார் சாலிட்யூடுக்குப் போகச் சொல்வதும், ராலோஃப் விண்ட்ஹெல்முக்குப் போகச் சொல்வதும் ஆலோசனைகள் மட்டுமே; யாருடன் தப்பித்தவரும் எந்தத் தரப்பிலும் சேரலாம்.

புதியவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. ஏகாதிபத்தியப் படை உங்களைக் குற்றம் விசாரிக்காமலே வெட்டுமேடைக்கு அனுப்புகிறது. அந்தக் கோபத்தில் உல்ஃப்ரிக்கின் பக்கம் சாய்வது இயல்பு. அந்தக் கோபம் உங்கள் பாத்திரத்துக்கு ஒரு நியாயமான காரணமாக இருக்கலாம், ஆனால் அது ஒன்றே காரணமாக இருக்கக் கூடாது.

3. உங்கள் பாத்திரம் யார் என்று மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள்: இவர் எங்கிருந்து வந்தவர், எதை மதிக்கிறார், எதை ஒருபோதும் மன்னிக்க மாட்டார். இதை முன்கூட்டியே எழுதச் சொல்வதற்குக் காரணம், பிறகு வரும் சான்றுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும் என்பதே. அளவுகோல் இல்லாமல் போனால் கடைசியாகப் பேசியவர் சொன்னதே சரி என்று தோன்றும்.

எந்த இனத்தைச் சேர்ந்த பாத்திரமும் இரண்டு படைகளிலும் சேரலாம். ஸ்கைரிமின் மண்ணின் மக்களான நார்டு இனத்தைச் சேராதவர் உல்ஃப்ரிக்கின் தலைநகர் விண்ட்ஹெல்முக்குப் போனால், எங்கள் போரில் நீ ஏன் சாக வேண்டும் என்ற பொருளில் உல்ஃப்ரிக்கின் தளபதி கால்மார் கேட்பார், பிறகு ஏற்றுக்கொள்வார். ஆகவே ஒரு டன்மரோ (இருண்ட எல்ஃப்) ஆர்கோனியனோ (பல்லி இனத்தவர்) ஸ்டார்ம்கிளோக் ஆக முடியுமா என்று கவலைப்பட வேண்டாம். முடியும். அவர் ஏன் அதைச் செய்கிறார் என்பதற்கு உங்கள் தாளில் விடை இருக்க வேண்டும், அவ்வளவே.

4. சத்தியம் செய்யும் முன் நான்கு நகரங்களைப் பாருங்கள்

விண்ட்ஹெல்ம், சாலிட்யூட், வைட்ரன், மார்கார்த் ஆகிய நான்கையும் எந்தப் படையிலும் சேராத வழிப்போக்கராகப் பார்த்துவிட வேண்டும். சேர்ந்த பிறகு பார்த்தால் நீங்கள் நியாயம் தேடும் கண்ணோடுதான் பார்ப்பீர்கள். இது நான்கு மணி நேரம் பிடிக்கும் வேலையாகத் தோன்றலாம். உண்மையில் இந்த முழு வழிகாட்டியில் விட்டுவிடவே கூடாத படி இதுதான்.

விண்ட்ஹெல்மின் வாயிலுக்குள் முதன்முறை நுழையும்போது, ரோல்ஃப் என்ற நார்டு, சுவாரிஸ் அதெரான் என்ற டன்மர் பெண்ணை ஏசிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். நின்று முழுவதும் கேளுங்கள். பிறகு டன்மர்கள் வாழும் கிரே குவார்ட்டருக்குப் போய் நியூ க்னிசிஸ் விடுதியில் அம்பாரிஸிடம் பேசுங்கள். அங்கிருந்து துறைமுகத்துக்கு இறங்கினால், மதிலுக்குள் குடியிருக்க அனுமதி இல்லாத ஆர்கோனியத் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்குச் சரக்கு ஏற்றுவதைக் காணலாம். அதன் பின் அரண்மனைக்குள் சென்று உல்ஃப்ரிக்கும் கால்மாரும் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். தன் மக்களுக்காகப் போரிடும் காரணங்களை அவர் சொல்லும் விதத்தில் பாசாங்கு இல்லை. இரண்டும் ஒரே நகரத்தில் நடக்கின்றன. ஒன்றை வைத்து மற்றொன்றை மறைத்துவிடாதீர்கள்.

அதே வேளையில், பிற இனத்தார் மீதான இழிவு விண்ட்ஹெல்முக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடவும் வேண்டாம். பூனை இனமான காஜித் வணிகக் கூட்டத்தார் ஏகாதிபத்தியத்தின் பக்கம் உள்ள நகரங்களின் வாயிலுக்கு வெளியேயும்தான் கூடாரம் போட்டிருக்கிறார்கள். அவர்களை உள்ளே விட எந்த யார்லும் இசையவில்லை.

சாலிட்யூடில் நுழைந்ததும் ரோக்விரின் தலை வெட்டப்படும் காட்சி நடக்கும். மாமன்னர் டோரிக்கைக் கொன்ற உல்ஃப்ரிக் தப்பிச் செல்லக் கதவைத் திறந்துவிட்டார் என்பதே அவர் மீதான குற்றச்சாட்டு. அடுத்து டிவைன்களின் ஆலயத்துக்குச் சென்று, நார்டுகள் வணங்கும் டாலோஸ் தெய்வத்துக்கு உரிய மாடம் மட்டும் வெறுமையாக இருப்பதைப் பாருங்கள். எல்ஃப் ஆட்சியாளர்களான தால்மோரோடு நடந்த பெரும்போரின் முடிவில் ஏகாதிபத்தியம் கையெழுத்திட்டு, டாலோஸ் வழிபாட்டைத் தடைசெய்த வைட்-கோல்டு உடன்படிக்கை என்ன செய்தது என்பதை எந்த உரையாடலை விடவும் அந்த வெற்று மாடம் தெளிவாகச் சொல்கிறது. ப்ளூ பேலஸில் அரசவை மந்திரவாதி சிபில் ஸ்டென்டாரிடம் டோரிக் பற்றிக் கேளுங்கள். டோரிக் உல்ஃப்ரிக்கை மதித்தவர், நேரில் வந்து கேட்டிருந்தால் விடுதலைக் கோரிக்கைக்குச் செவிசாய்த்திருக்கக்கூடும் என்ற கருத்தை அவரிடம் கேட்கலாம். டோரிக்கைக் கொன்ற உல்ஃப்ரிக்கின் துவந்த யுத்தம் தேவைதானா என்ற கேள்வியை அந்த ஓர் உரையாடல் வேறு இடத்துக்கு நகர்த்திவிடுகிறது. இதைத் தவறவிட்டவர்களே மிக அதிகம்.

வைட்ரனில் கிரே-மேன், பேட்டில்-பார்ன் என்ற இரு குடும்பங்களின் பகை, நாட்டின் போர் ஒரே தெருவுக்குள் சுருங்கி நிற்கும் காட்சி. சந்தையில் ஃப்ராலியா கிரே-மேன் தன் மகன் தோரால்டைப் பற்றி வாதிடுவதைக் கேட்டு 'மிஸ்ஸிங் இன் ஆக்ஷன்' குவெஸ்டை ஏற்றுக்கொள்ளுங்கள். பேட்டில்-பார்ன் வீட்டில் கிடைக்கும் கடிதமும், தோரால்ட் சிறைப்பட்டிருக்கும் நார்த்வாட்ச் கோட்டையும், ஏகாதிபத்தியத்தின் பெயரால் தால்மோர் என்ன செய்கிறார்கள் என்பதை நேரில் காட்டும்.

மார்கார்த்தில் இரண்டு பேரைப் பாருங்கள். ஒருவர் கோட்டைக்குள் உலவும் தால்மோர் நீதியாளர் ஒண்டோலமார். டாலோஸை வழிபடுகிறார் என்று முதிய கவிஞர் ஆக்மண்ட் மீது ஆதாரம் தேடித் தரச் சொல்வார். மற்றவர்கள் சில்வர்-பிளட் குடும்பத்தார். சிட்னா சுரங்கச் சிறை அவர்களுடையது, அவர்களில் தோங்வோர் ஸ்டார்ம்கிளோக் ஆதரவாளர். ஒரு தரப்பு வென்றால் முதியவர் ஒருவர் கும்பிடுவதற்காகச் சிறை போகலாம். மறுதரப்பு வென்றால் சிறையை வைத்துப் பணம் ஈட்டும் குடும்பம் அரியணை ஏறும். மார்கார்த்தில் இதைவிட எளிமையான தேர்வு கிடையாது.

5. தால்மோர் தூதரகத்தில் உள்ள கோப்பைப் படிக்காமல் சேராதீர்கள்

முதன்மைக் கதையில் 'டிப்ளமேட்டிக் இம்யூனிட்டி' என்ற குவெஸ்ட் வரும். கூட்டாளி டெல்ஃபீனின் திட்டப்படி, தால்மோர் தூதர் எலென்வெனின் விருந்துக்கு விருந்தாளியாக நுழைந்து, உள்ளாள் மால்போர்ன் உதவியோடு உள்ளறைகளுக்குள் செல்ல வேண்டும். எலென்வெனின் அலுவலகப் பகுதியில் உள்ள பெட்டியில் உல்ஃப்ரிக் பற்றிய தால்மோர் கோப்பு இருக்கிறது. அவசரத்தில் குவெஸ்டுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடாமல், அதையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து நிதானமாகப் படியுங்கள்.

அந்தக் கோப்பு சொல்வது இது: பெரும்போரில் சிறைப்பட்ட உல்ஃப்ரிக், தான் சொன்ன தகவலால்தான் ஏகாதிபத்தியத் தலைநகர் வீழ்ந்தது என்று நம்பவைக்கப்பட்டார், பிறகு தப்பிக்க விடப்பட்டார். போருக்குப் பின் தால்மோர் அவருடன் தொடர்பு கொண்டனர். உல்ஃப்ரிக் மார்கார்த்தைக் கைப்பற்றிய சம்பவத்துக்குப் பின் அவர் ஒத்துழைப்பதை விட்டுவிட்டார். இப்போது அவர் அவர்களுடைய கணக்கில் செயலற்றுக் கிடக்கும், ஒத்துழைக்காத ஒரு கருவி.

இங்கேதான் பெரும்பாலோர் படிப்பதை நிறுத்திவிட்டு, உல்ஃப்ரிக் தால்மோரின் கையாள் என்று முடிவு கட்டுகிறார்கள். கோப்பின் அடுத்த பகுதி, ஸ்டார்ம்கிளோக் வெற்றியும் தவிர்க்கப்பட வேண்டியதே என்கிறது. தால்மோருக்கு வேண்டியது போர் நீள்வது. யார் வென்றாலும் அது அவர்களுக்கு இழப்பு. ஆகவே இந்தக் கோப்பு எந்தத் தரப்பையும் தேர்ந்தெடுத்துத் தருவதில்லை. விரைவாக எந்தத் தரப்பையாவது வெல்ல வைப்பதும், சண்டையையே நிறுத்துவதும் தால்மோருக்கு எதிரான செயல்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. உங்கள் பாத்திரத்தின் உண்மையான எதிரி தால்மோர் என்று தாளில் எழுதியிருந்தால், இந்த வரிக்குப் பின் உங்கள் கேள்வியே மாறிவிடும்: தால்மோரோடு அடுத்துப் போரிட எவர் ஆளும் ஸ்கைரிம் வலுவாக இருக்கும்? பிளவுபடாத ஏகாதிபத்தியம் என்பார்கள் சிலர். கட்டளைக்கு அடங்காத சுதந்திர நாடு என்பார்கள் மற்றவர்கள். இரண்டையும் மனப்பூர்வமாக வாதிடலாம்.

6. யார் போவார், யார் வருவார்

போரின் மிகத் தெளிவான விளைவு யார்ல்கள் மாறுவதுதான். வைட்ரன், விண்ட்ஹெல்ம், சாலிட்யூட் ஆகியவற்றில் மட்டுமே நகருக்குள் போர் நடக்கும். மற்ற இடங்களில் ஏதோ ஒரு கோட்டையைப் பிடித்ததும் தலைநகரின் அரியணை ஓசையின்றிக் கைமாறிவிடும். அதனால் பலருக்கு, பழைய யார்லைத் தேடிப் போகும்போதுதான் அவர் இல்லை என்பது தெரிகிறது.

ஸ்டார்ம்கிளோக் வென்றால் வைட்ரனில் பால்க்ரூஃபுக்குப் பதில் விக்னார் கிரே-மேன், ஃபால்க்ரீத்தில் சிட்கெயருக்குப் பதில் அவருடைய குடும்பப் பெரியவர் டெங்கெயர், மார்கார்த்தில் இக்மண்டுக்குப் பதில் தோங்வோர் சில்வர்-பிளட், மோர்த்தலில் இட்க்ராடுக்குப் பதில் சோர்லி ஆகியோர் வருவர். சாலிட்யூடில் எலிசிஃப் பதவியில் நீடிப்பார், ஆனால் உல்ஃப்ரிக்குக்குக் கட்டுப்பட்டவராக.

லீஜியன் வென்றால் வைட்ரனில் மாற்றமில்லை. டான்ஸ்டாரில் ஸ்கால்டுக்குப் பதில் முன்னாள் படை அதிகாரி பிரினா மெரிலிஸ், விண்டர்ஹோல்டில் கோரிருக்குப் பதில் க்ரால்டார், ரிஃப்டனில் லைலாவுக்குப் பதில் மேவன் பிளாக்-ப்ரையர், விண்ட்ஹெல்மில் உல்ஃப்ரிக்கின் இடத்தில் ப்ரன்வுல்ஃப் ஃப்ரீ-விண்டர் ஆகியோர் வருவர்.

இந்தப் பட்டியலை வெறும் பெயர்களாகப் படிக்காமல், ஒவ்வொருவரையும் ஒருமுறையாவது சந்தித்துப் பேசிவிட்டு வாருங்கள். சிட்கெயர் தனக்கு முன்பு பங்கு கொடுத்துவந்த கொள்ளைக் கூட்டத்தை உங்களை வைத்தே தீர்த்துக்கட்டப் பார்ப்பவர். அவர் போவதில் ஃபால்க்ரீத்துக்கு இழப்பில்லை. லைலா நல்லெண்ணம் உடையவர், ஆனால் தன் அரண்மனைக்குள்ளேயே நடக்கும் ஊழலைக் காணாதவர். அவர் இடத்தில் மேவன் வந்தால் மறைவில் ஆண்டவர் வெளிப்படையாக ஆள்வார். ப்ரன்வுல்ஃப் டன்மர்களுக்காகக் குரல் கொடுக்கும் நார்டு. கிரே குவார்ட்டரைக் கண்டு மனம் கொதித்தவருக்கு லீஜியனின் பக்கம் இருக்கும் வலுவான வாதம் அவரே. பால்க்ரூஃபை வீழ்த்துவது பற்றி, ஸ்டார்ம்கிளோக் பக்கம் சேர எண்ணும் ஒவ்வொருவரும் முன்பே மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். உங்களை முதலில் நம்பிய யார்லின் அரண்மனைக்குள் வாளோடு நுழைந்து, அவர் பணியும்வரை நீங்களே போரிட வேண்டியிருக்கும்.

யார்ல்களை மட்டும் எண்ணிப் பார்த்துத் தரப்பைத் தேர்ந்தெடுப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. மார்கார்த்தில் தோங்வோர், ரிஃப்டனில் மேவன் என்று இரு பக்கமும் ஒரு கசப்பு இருக்கும்படியாகவே இது அமைக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கசப்பை உங்கள் பாத்திரம் விழுங்கும் என்பதற்குத்தான் இந்தப் படி உதவும்.

7. போகப் போகிறவர்களிடம் உள்ள வேலைகளை முடித்துவிடுங்கள்

யார்ல் மாறும்போது அவருடைய குடும்பத்தாரும் காரியதரிசியும் உடன் வெளியேறுவர். அவர்கள் தந்த வேலை பாதியில் இருந்தால் குழப்பம் வரும். எனவே எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்பது ஓரளவு தெரிந்ததும், வெளியேறப் போகும் யார்ல்களின் வேலைகளை முதலில் தீருங்கள்.

ஸ்டார்ம்கிளோக் பக்கம் என்றால் முதலில் வைட்ரனின் 'தி விஸ்பரிங் டோர்'. இது பால்க்ரூஃபின் மகனைச் சுற்றிய குவெஸ்ட், லெவல் 20-க்குப் பிறகே கிடைக்கும். வைட்ரன் போருக்கு முன்பே முடிப்பது பாதுகாப்பு. மார்கார்த்தில் இக்மண்ட் கேட்கும் அவர் தந்தையின் கேடயம், மோர்த்தலில் எரிந்த வீட்டைப் பற்றிய 'லெய்டு டு ரெஸ்ட்' ஆகியவற்றையும் முடியுங்கள்.

லீஜியன் பக்கம் என்றால் விண்ட்ஹெல்மின் கொலை விசாரணையான 'ப்ளட் ஆன் தி ஐஸ்' குவெஸ்டை முன்கூட்டியே முடியுங்கள். இயல்பிலேயே அடிக்கடி சிக்கிக்கொள்ளும் குவெஸ்ட் அது. அதன் நடுவில் நகரத்தில் போரும் நடந்தால் சிக்கல் கூடும். விண்டர்ஹோல்டில் கோரிர் கேட்கும் தலைக்கவசத்தையும் தேடிக் கொடுத்துவிடலாம்.

வீடுகளும் காரியதரிசி வழியாகவே விற்கப்படுகின்றன. வைட்ரன் ப்ரீஸ்ஹோம் 5,000, ரிஃப்டன் ஹனிசைடும் மார்கார்த் விலின்ட்ரெல் ஹாலும் தலா 8,000, விண்ட்ஹெல்ம் ஹ்ஜெரிம் 12,000, சாலிட்யூட் ப்ரௌட்ஸ்பயர் 25,000 பொற்காசுகள். வாங்கிவிட்ட வீடு போருக்குப் பின்னும் உங்களுடையதே. பணம் கைவசம் இருந்து, அந்த யார்லின் வேலைகளையும் செய்து முடித்திருந்தால், வாங்குவதை ஒத்திப்போட வேண்டாம்.

8. முதன்மைக் கதையில் போரை எங்கே பொருத்துவது

மூன்று இடங்கள் உண்டு. நான் பரிந்துரைப்பது, தூதரகத்தை முடித்த பிறகும் 'தி ஃபாலன்' குவெஸ்டுக்கு முன்பும் உள்ள இடைவெளி. கோப்பைப் படித்த அறிவோடு போருக்குள் நுழையலாம். 'தி ஃபாலன்' வருவதற்குள் போரை முடித்தும் விடலாம்.

'தி ஃபாலன்' குவெஸ்டில் ஒரு டிராகனை வைட்ரன் அரண்மனையில் சிறைப்பிடிக்க யார்லின் உதவி தேவை. போர் முடியாமல் இருந்தால், எதிரி தாக்கும் அபாயம் உள்ளபோது அது இயலாது என்று அவர் மறுத்துவிடுவார். அப்போது ஹை ஹ்ரோத்கார் மடத்தில் இரு தரப்பையும் அமரவைக்கும் 'சீசன் அன்எண்டிங்' சமாதானப் பேச்சு நடக்கும். போரை முன்பே முடித்தவர்களுக்கு இந்தப் பேச்சு தேவைப்படாது.

எந்தத் தரப்பும் வேண்டாம் என்பவருக்கு இந்தப் பேச்சே வழி. இரு பக்கமும் சேராமலே முதன்மைக் கதையை முடிக்கலாம். ஆனால் நடுநிலை என்பது பொறுப்பிலிருந்து விலகுவது என்று எண்ணி மேசையில் அமராதீர்கள். எலென்வென் அமரலாமா என்பதில் தொடங்கி, எந்த நகரம் எவருக்கு என்பதுவரை உங்கள் சொல்லே எடைபோடப்படும். மார்கார்த், ரிஃப்டன் போன்ற நகரங்களே அங்கே பேரப்பொருள், கைமாறிய நகரத்தில் யார்லும் மாறுவார். ஆறாம் பகுதியில் உள்ள பட்டியல் நடுநிலையாளருக்கும் தேவைப்படுவது இதனால்தான். அங்கே எட்டப்படுவது கதையின் முதன்மை எதிரியான டிராகன் ஆல்டுயினின் அச்சுறுத்தல் தீரும்வரைக்கான போர்நிறுத்தம் மட்டுமே. போர் அதோடு தீர்ந்துவிடாது.

மூன்றாவது, ஆல்டுயினை வீழ்த்திய பிறகு போரைத் தொடங்குவது. கதையின் ஓட்டத்துக்கு இது சற்றுத் தளர்வாக இருக்கும் என்பது என் கருத்து, ஏனெனில் உலகைக் காத்தவரிடம் ஒரு சிறு கோட்டைக் கொள்ளையரை விரட்டும் வேலையைத் தந்து சோதிப்பார்கள். ஆனால் நிதானமாக முடிவெடுக்க விரும்புவோருக்கு இதில் தவறொன்றும் இல்லை.

9. நுழைவுச் சோதனையும் சத்தியமும்

முதல் சேவ் இங்கே வையுங்கள்.

லீஜியனுக்கு, சாலிட்யூடின் காசில் டூரில் லெகட் ரிக்கேயைச் சந்தியுங்கள். ஹ்ராக்ஸ்டாட் கோட்டையிலுள்ள கொள்ளையரை ஒழித்துத் திரும்பினால், ஜெனரல் டுல்லியஸ் முன் சத்தியம். ஸ்டார்ம்கிளோக்குக்கு, விண்ட்ஹெல்ம் அரண்மனையில் கால்மாரைச் சந்தியுங்கள். வடக்குக் கடலில் உள்ள செர்பென்ட்ஸ்டோன் தீவுக்குத் தனியே சென்று ஐஸ் ரெயித் என்ற பனி உயிரி ஒன்றைக் கொன்றுவிட்டுத் திரும்ப வேண்டும். ஐஸ் ரெயித்துக்கு நெருப்பு ஆகாது. நெருப்பு மந்திரமோ, நெருப்பு ஏற்றிய ஆயுதமோ, உறைபனியைத் தாங்கும் மருந்தோ எடுத்துச் செல்லுங்கள். குறைந்த லெவலில் இங்கே திணறுவோர் பலர்.

சோதனையை முடிப்பது சேர்வதாகாது, சத்தியம்தான் சேர்க்கும். சத்தியத்தின் சொற்களை வேகமாகத் தட்டிக் கடக்காமல் வாசியுங்கள். ஒருவர் பேரரசருக்கும், மற்றவர் உல்ஃப்ரிக்குக்கும் விசுவாசம் கேட்கிறார். அந்தச் சொற்களை உங்கள் பாத்திரத்தின் வாயில் வைத்துப் பார்க்கும்போது மனம் கூசினால், சேவுக்குத் திரும்புங்கள்.

10. கிரீடத்தோடு நிற்கும்போது: கடைசி வாசல்

சத்தியத்துக்குப் பின் முதல் பணி 'தி ஜாக்ட் கிரவுன்'. கோர்வன்ஜண்ட் என்ற பழங்கால இடிபாட்டில் உள்ள கிரீடத்தை எடுக்க வேண்டும். எதிர்த் தரப்பு உள்ளே முன்பே இருக்கும். வட்டக் கதவின் புதிருக்கு விடை, நக வடிவச் சாவியான எபனி நகத்தின் உள்ளங்கைப் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பொருட்பட்டியலில் அதைத் திறந்து திருப்பிப் பார்த்தால் போதும்.

கிரீடம் கையில் கிடைத்ததும் இரண்டாவது சேவ். இந்த நேரத்தில் கிரீடத்தை எதிர்த் தரப்புத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து அணி மாறலாம். ஆட்டம் இதை எங்கும் அறிவிப்பதில்லை, குறிமுள்ளும் காட்டாது. குறியை மட்டும் பின்பற்றுவோருக்கு இப்படியொரு வாசல் இருப்பதே தெரியாமல் போகிறது. உங்கள் முடிவு தவறு என்று தோன்றினால் கதைக்குள்ளேயே திருத்திக்கொள்ள இதுதான் இடம்.

கிரீடத்தைக் கொடுத்ததும், பால்க்ரூஃபிடம் சேர்க்க டுல்லியஸ் ஆவணங்களையோ உல்ஃப்ரிக் தன் கோடரியையோ தருவார். வைட்ரனுக்குள் நுழையும் முன் மூன்றாவது சேவ். அந்தப் பொருள் அவர் கையில் சேர்ந்தபின் திரும்பும் வழி இல்லை.

11. வைட்ரனுக்குப் பின் செய்யும் பிழைகள்

போர்க்களத்தில் ஃபாலோயரை உடன் அழைத்துச் செல்லாதீர்கள். குறுகிய தெருவில் இரு பக்க வீரர்களும் நெருக்கமாகக் கலந்து நிற்பர். அவருடைய அம்போ மந்திரமோ உங்கள் பக்கத்தாரைத் தாக்கினால் அவர்கள் உங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடும். அன்ரிலெண்டிங் ஃபோர்ஸ் போன்ற ஷவுட்களும், பரவி எரியும் மந்திரங்களும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டியவை. நேர்க்கோட்டில் தாக்கும் ஆயுதமே இங்கே நல்லது.

கோட்டைப் போர்களில் எதிரியின் வலிமை விழுக்காடாகக் காட்டப்படும். அது தீரும்வரை புதிய வீரர்கள் வந்துகொண்டே இருப்பர். ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் கடைசி ஆளைத் தேடி அலைய வேண்டாம். எதிரிகள் வந்து சேரும் இடத்தருகே நில்லுங்கள், எண்ணிக்கை விரைவாகக் குறையும்.

வைட்ரனுக்கு அடுத்து ஸ்டார்ம்கிளோக் தரப்பு ஃபால்க்ரீத்துக்கும், லீஜியன் டான்ஸ்டார் உள்ள பேல் பகுதிக்கும் உங்களை அனுப்பும். ஒவ்வொரு பகுதியைப் பிடித்ததும் ஓர் இடைவெளி விட்டு, அந்தத் தலைநகருக்குப் போய்ப் புதிய யார்லிடமும் காவலர்களிடமும் பேசுங்கள். அடுத்தடுத்து முகாம்களுக்கே ஓடுவோர், தாம் மாற்றிய நாட்டைப் பார்க்காமலே போரை முடித்துவிடுகிறார்கள்.

ஸ்டீம் சாதனைகளுக்காக இரு தரப்பையும் ஆட வேண்டியதில்லை. படையில் சேர்வது, ஃபோர்ட் சங்கார்டையோ ஃபோர்ட் க்ரீன்வாலையோ பிடிப்பது, சாலிட்யூடையோ விண்ட்ஹெல்மையோ கைப்பற்றுவது என எந்தப் பக்கம் செய்தாலும் அவை கிடைக்கும். மறுபக்கத்தையும் காண விரும்பினால் பழைய சேவுக்குத் திரும்புவதை விட வேறொரு பாத்திரத்தை உருவாக்குங்கள், ஏனெனில் மூன்று வாக்கியங்கள் மாறினால்தான் அந்த நகரங்களும் வேறாகத் தெரியும்.

கடைசிப் போரில் விண்ட்ஹெல்மிலோ காசில் டூரிலோ தோற்றவர்கள் பேசும் சில சொற்களைக் குறுக்கே வெட்டாமல் கேளுங்கள். அதன் பிறகு முடிசூட்டு விழாவை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்; மாமன்னரைத் தேர்ந்தெடுக்கும் மூட் பேரவை எந்தத் தரப்பு வென்றாலும் ஆட்டத்துக்குள் கூடுவதில்லை. பதவி இழந்த யார்ல்களைக் காண வேண்டுமானால், ஏகாதிபத்திய ஆதரவாளர்களை சாலிட்யூடின் ப்ளூ பேலஸிலும், உல்ஃப்ரிக்கின் ஆதரவாளர்களை விண்ட்ஹெல்ம் அரண்மனையிலும் தேடுங்கள். பால்க்ரூஃபை வீழ்த்தியவர்கள் ஒருமுறை அங்கே சென்று அவரிடம் பேசிவிட்டு வருவது நல்லது. உங்களைப் பற்றி அவருக்கு இன்னும் சொல்ல இருக்கிறது.